வரலாறு படித்துவிட்டு புவியியல் நடத்துகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: "அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர், சமூக அறிவியல். நான் படித்தது வரலாறு. ஒன்பது, பத்தாம் வகுப்புக்குப் புவியியலும் நானே எடுக்கிறேன். எந்தத் தளம், எந்தப் புத்தகம், எந்தப் பயிற்சி உபயோகப்படும்? சான்றிதழ் கிடைத்தால் நல்லது. போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லாதபோது இதையெல்லாம் எங்கே நுழைப்பது?"

முதலில் ஒன்று. நீங்கள் விதிவிலக்கு இல்லை, நிறைய பள்ளிகளில் இதுதான் நிலைமை. புவியியல் படித்தவர் இருந்தால் மேல்நிலையில் இருப்பார், உயர்நிலை வகுப்புகளுக்கு வரலாற்றுக்காரர்தான். பருவக்காற்றையும் பாறை வகைகளையும் மௌரியர் ஆட்சி நடத்துகிற மாதிரியே காரணம், விளைவு, ஐந்து பாயிண்ட் என்று நடத்தினால் பையன்கள் மனப்பாடம் செய்வார்கள், மார்க் கூட வாங்குவார்கள், ஆனால் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் வடக்கு எது என்று தேடுவார்கள். இந்த இடைவெளியை அடைக்க நாற்பது இணையதளம் வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் வந்து விழும் பிடிஎஃப் எதுவும் வேண்டாம். நாலைந்து விஷயங்களை எடுத்து, உங்கள் பள்ளி இருக்கிற ஊரின் மேல் வைத்துப் பழகினால் போதும்.

படிப்பதற்கு என்றால், நம் பதினொன்றாம் வகுப்புப் புவியியல் பாடநூலிலிருந்து தொடங்குங்கள். தமிழில் இருக்கிறது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிற விஷயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அதில் தெரியும். ஆங்கிலம் பழக்கம் என்றால் என்சிஇஆர்டி பதினொன்றாம் வகுப்பின் இயற்கைப் புவியியல் நூலும், செய்முறைக்கென்று அவர்கள் தனியாகப் போட்டிருக்கும் நூலும் நல்லவை. அதற்கும் மேலே வேண்டுமென்றால் யுஜிசியின் இ-பிஜி பாடசாலையில் முதுகலை அளவிலான புவியியல் பாடங்கள் கிடக்கின்றன, ஆனால் அங்கே இப்போதே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். முதல் வருடத்துக்குப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகமே தாராளம்.

அடுத்தது டோப்போஷீட், அதாவது மேடுபள்ளம், நீர்நிலை, சாலை, ஊர் எல்லாம் விவரமாகக் காட்டும் நில அளவை வரைபடத் தாள். ஒரே ஒரு சாதனம்தான் கற்றுக்கொள்வேன் என்று நீங்கள் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இந்திய நில அளவைத் துறையின் இணைய வாசலில் பதிவு செய்துகொண்டு உள்ளே போனால் 1:50,000 அளவைத் தாள்கள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். ஒரு தாள் 15 நிமிட அட்சம், 15 நிமிட தீர்க்கம், அதாவது நம் பக்கத்தில் ஏறக்குறைய 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர். உங்கள் பள்ளி, பிள்ளைகள் வருகிற ஊர்கள், பக்கத்து டவுன் எல்லாம் பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கிவிடும், துரதிர்ஷ்டம் இருந்தால் பள்ளி தாளின் ஓரத்தில் விழுந்து இரண்டு தாள் தேவைப்படும்.

முழுத் தாளையும் பிரிண்ட் எடுக்கப் பெரிய கடை வேண்டும், செலவும் ஆகும். அதனால் பள்ளியை நடுவில் வைத்து 9 கிலோமீட்டர் சதுரத்தை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். 2 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர் என்ற கணக்கில் அது 18 சென்டிமீட்டர், ஏ4 தாளில் அழகாக உட்காரும். ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் வழக்கம்போல் பக்கத்துக்குப் பொருத்தி அடித்துக் கொடுத்துவிடுவார், அளவை போய்விடும், அப்புறம் ஸ்கேல் வைத்துத் தூரம் அளக்கச் சொன்னால் எல்லாம் தப்பாக வரும். நூறு சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். தாளின் அடியில் இருக்கும் நீளக்கோட்டு அளவையையும் சேர்த்து வெட்டி ஓரத்தில் ஒட்டிவிடுங்கள், அப்போது பெரிதாகி வந்தாலும் சிறிதாகி வந்தாலும் பாதகமில்லை. கலர் பிரிண்ட் குழுவுக்கு ஒன்று போதும்.

இனி வகுப்பில் என்ன செய்வது. புத்தகத்தில் உள்ள குறியீட்டு அட்டவணையை முதலில் நடத்தாதீர்கள். ஒரு ஏரியைக் காட்டுங்கள், உங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய் என்றால் கண்மாய். தாளில் ஒரு பக்கம் வளைந்த தடித்த கோடு இருக்கும், அதுதான் கரை. கரையை ஒட்டி 3 என்ற எண்ணும் ஓர் ஆங்கில 'ஆர்' எழுத்தும் மாதிரி ஏதாவது போட்டிருந்தால் அது கடல் மட்ட உயரம் இல்லை, பக்கத்துத் தரையிலிருந்து கரை 3 மீட்டர் உயரம் என்று அர்த்தம். இப்போது கேளுங்கள்: கரை எந்தப் பக்கம்? நிலம் எந்தப் பக்கம் சரிகிறது? வயல் எங்கே இருக்கும்? மதகு எங்கே இருக்க வேண்டும்? ஏரி நிரம்பி கலிங்கு வழியாக வழிந்து போகிற தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகும்? கிழக்குச் சமவெளி ஊர்களில் பெரும்பாலும் கரை கிழக்கு அல்லது தென்கிழக்குப் பக்கம் இருக்கும், ஏனென்றால் நிலம் கடலை நோக்கிச் சரிகிறது. இதைப் பையன்களே கண்டுபிடிப்பார்கள். மதகு, கலிங்கு, வரத்துக்கால் எல்லாம் விவசாய வீட்டுப் பிள்ளைக்கு நம்மை விட நன்றாகத் தெரியும், பின் பெஞ்சில் எப்போதும் வாய் திறக்காத ஒருவன் அன்றைக்குத்தான் எழுந்து, "சார், இந்த வாய்க்கால் இப்போ இல்லை, மூடி வீடு கட்டிட்டாங்க" என்பான். ஆக்கிரமிப்பு, வெள்ளம், நீர் மேலாண்மை என்று பத்தாம் வகுப்பில் தனியாக நடத்த வேண்டியதில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. இந்தத் தாள்களில் சம உயரக்கோடுகளுக்கு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளுக்கு, இடையே பொதுவாக 20 மீட்டர் இடைவெளி. சேலம், தேனி, நீலகிரிப் பக்கம் இருந்தால் கோடுகள் நெருக்கமாக ஓடும், பாடத்துக்கு அருமை. திருவாரூர், நாகப்பட்டினம் என்றால் தாள் முழுக்கத் தேடினாலும் ஒரு கோடு கிடைப்பது கஷ்டம். டெல்டா ஆசிரியர்கள் உயரப் புள்ளிகளையும், ஆறுகள் கிளை பிரியும் விதத்தையும் வைத்து நடத்துங்கள், சம உயரக்கோட்டுக்கு மட்டும் ஏற்காடு இருக்கும் தாளையோ கொடைக்கானல் இருக்கும் தாளையோ கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, திட்ட நேரம், இவற்றை நடத்த ஒரு குச்சியும் வெயிலும் போதும். நிழலில்லா நாள் கேள்விப்பட்டிருப்பீர்கள், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நட்ட குச்சிக்கு நிழல் விழாத நாள். சென்னையில் அது ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், மதுரையில் ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 வாக்கிலும், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கிலும் வரும். ஏப்ரலில் தேர்வு, விடுமுறை என்று போய்விடும், ஆகஸ்ட்டைப் பிடியுங்கள், மேகம் மறைக்காமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தெற்கிலிருந்து வடக்கே போகப் போக ஏப்ரலில் தேதி தள்ளிப்போகிறது, ஆகஸ்ட்டில் முந்தி வருகிறது. ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்க விட்டால் சூரியன் கடக ரேகை வரை போய்த் திரும்புவது தன்னால் விளங்கும்.

இன்னொன்று, உச்சி வேளை 12 மணிக்கு வராது. திட்ட நேரம் 82½ பாகைக்கு உரியது, மதுரை 78 பாகையில் இருக்கிறது, நாலரை பாகை வித்தியாசம், பாகைக்கு 4 நிமிடம் என்றால் 18 நிமிடம். மதுரையில் நிழல் மிகவும் குறுகுவது 12.18 வாக்கில், நாளைப் பொறுத்துச் சில நிமிடம் முன்பின் ஆகும். சென்னைக்கு இந்த வித்தியாசம் 9 நிமிடம்தான். பாடப்புத்தகத்தில் வெறும் எண்ணாக இருக்கிற 82½ அன்றைக்குப் பள்ளி மைதானத்தில் வந்து நிற்கும். கணக்கு ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் இந்த மாதிரி வேலைகளில் ஆர்வமாக இருப்பவர்கள், உங்கள் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள்.

மழைக்கும் அதே வழிதான். நேரான பக்கம் உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு நேர்ப்பக்கம் தொடங்குகிற உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து பூஜ்யம் என்று ஸ்கேல் ஒட்டுங்கள். காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும், வானிலை ஆய்வு மையத்தின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. இது தெரியாமல் ராத்திரி பன்னிரண்டு மணிக் கணக்கில் பார்த்தால் உங்கள் எண்ணும் பேப்பரில் வருகிற எண்ணும் ஒத்துப்போகவே செய்யாது. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். இதை வைத்து 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த 95 சென்டிமீட்டரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் மட்டும் 95,000 லிட்டர், 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரியில் கிட்டத்தட்ட எட்டு லாரி. வடகிழக்குப் பருவக்காலம் மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தமிழகத்துக்குச் சராசரி சுமார் 44 சென்டிமீட்டர் என்பதைப் பக்கத்தில் எழுதிப் போட்டால், தாமிரபரணிக் கரையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை.

கணினிக்கு வருவோம். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உங்கள் பள்ளியில் இருக்கும், கல்வித் துறையின் எமிஸ் இணையதளம் வழி நடக்கும் தேர்வுக்கும் வினாடி வினாவுக்கும் போக மீதி நேரத்தைப் பேசி வாங்குங்கள். கூகுள் எர்த் ப்ரோ 2015 முதல் இலவசம். அதில் பாதை ஒன்று வரைந்து, அதன் மேல் வலது கிளிக் செய்தால் உயர வெட்டுமுகம் காட்டும் வசதி இருக்கிறது. தொட்டபெட்டாவிலிருந்து ஆனைமுடிக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். சுமார் 140 கிலோமீட்டர் வரும். 2,637 மீட்டரில் தொடங்குகிற கோடு பாலக்காட்டுக் கணவாயில் சட்டென்று தரைக்கு விழுந்து, மறுபடி 2,695 மீட்டருக்கு ஏறும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதை இதை விடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்து ஜூலை மாதத்தில் விண்டி என்ற வானிலைத் தளத்தைத் திறந்து அன்றைய காற்றைக் காட்டினால் அந்த ஓட்டை வழியாகக் காற்று எப்படிப் பாய்கிறது என்று தெரியும், பல்லடம், உடுமலைப் பக்கம் ஏன் அவ்வளவு காற்றாலை என்ற கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது.

செயற்கைக்கோள் படங்களுக்கு இஸ்ரோவின் புவன் இருக்கிறது, 2009 முதல். மெதுவாகத்தான் திறக்கும், பொறுமை வேண்டும், ஆனால் நிலப்பயன்பாடு மாதிரி கருப்பொருள் வரைபடங்கள் நம் மாநிலத்துக்கு அதில் நன்றாக இருக்கின்றன. ஒரே ஏரியை வெவ்வேறு மாதத்தில் பார்க்க ஐரோப்பியர்களின் கோப்பர்நிகஸ் தளம் வசதி. சென்டினல்-2 படம், 10 மீட்டர் நுணுக்கம், ஐந்து நாளுக்கு ஒருமுறை. நவம்பரில் தேடாதீர்கள், வெறும் மேகம்தான் கிடைக்கும். மே மாதத்துப் படத்தையும் ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிலநடுக்கத்துக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் நேரடி வரைபடம் ஒன்றே போதும், கடந்த முப்பது நாள், நிலநடுக்க அளவு 4.5க்கு மேல் என்று வைத்தால் புவித்தட்டு எல்லைகள் தாமாகவே புள்ளி புள்ளியாகத் தெரியும். கியூஜிஐஎஸ் மாதிரி நாமே வரைபடம் தயாரிக்கிற மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம். நல்லதுதான், ஆனால் முதல் வருடமே அதில் இறங்கியவர்கள் பாதியில் விட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. வெளிநாட்டுத் தளங்களில் வருகிற உலக வரைபடத்தில் காஷ்மீர், அருணாச்சல எல்லைகள் வேறு மாதிரி இருக்கும். அதை அப்படியே அச்சடித்துத் தேர்வுத் தாளில் வைத்துவிட்டால் வீண் வம்பு. எல்லைக்கோடு வேண்டுமென்றால் நில அளவைத் துறையின் படம் மட்டும். இன்னொன்று மாவட்டக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் 32 மாவட்டங்கள், இப்போது 38. இன்றைய வரைபடத்தில் 2011 எண்ணிக்கையை நிறம் தீட்டச் சொன்னால் தென்காசிக்கும் ராணிப்பேட்டைக்கும் பையன் என்ன எழுதுவான்? பழைய 32 மாவட்ட எல்லை உள்ள படத்தைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பயிற்சி. மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தாவின் உயர்நிலைப் பகுதி 2021இல் தீக்ஷா என்ற இணையக் கற்றல் தளத்தில் வந்தது, அதில் பெரும்பகுதி பொதுவான கற்பித்தல் முறைகள். சான்றிதழ் கிடைக்கும், பாட அறிவு பெரிதாக ஏறாது. தேசியக் கல்விக் கொள்கை வருடத்துக்கு 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாடு என்கிறது, அந்தக் கொள்கையோடு நம் மாநிலத்துக்கு உள்ள சண்டை வேறு கதை, ஆனால் மணி நேரக் கணக்கு போட்டுவிட்டால் ஆசிரியர் கற்றுவிடுவார் என்று நினைப்பது எந்த அரசாக இருந்தாலும் தப்புக் கணக்குதான். மாநிலக் கல்வியியல் நிறுவனமும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் நடத்துகிற பணியிடைப் பயிற்சி, அதை எடுக்கிற கருத்தாளரைப் பொறுத்தது. நல்ல கருத்தாளர் வாய்த்தால் ஒரு நாளில் ஒரு வருடத்துக்கானது கிடைக்கும், இல்லையென்றால் பவர்பாயிண்ட் வாசிப்பும் மதியச் சாப்பாடும்தான். போகிறபோது உங்களுக்குப் புரியாத இரண்டு பாடத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய் அங்கேயே கேளுங்கள். கருத்தாளருக்கே பெரும்பாலும் அது சந்தோஷமாக இருக்கும், நான் கருத்தாளராக நின்ற நாட்களில் கேள்வியே வராத அறைதான் பெரிய தலைவலி.

உண்மையான பாட அறிவோடு சான்றிதழும் வேண்டுமென்றால் டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் ஐஐஆர்எஸ் (இந்தியத் தொலையுணர்வு நிறுவனம்) பக்கம் பாருங்கள். தொலையுணர்வு, புவித்தகவல் அமைப்பு, செயற்கைக்கோள் வழி இடமறிதல் பற்றி இணையவழிப் படிப்புகளைக் கட்டணமில்லாமல் நடத்துகிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கும், சிலவற்றுக்குத் தகுதி விதி உண்டு, அறிவிப்பைப் படித்துவிட்டுச் சேருங்கள். தொடக்கநிலைப் படிப்பு ஒன்றை முடித்தாலே செயற்கைக்கோள் படத்தில் செடிகொடி ஏன் சிவப்பாகத் தெரிகிறது என்று பிள்ளைகள் கேட்டால் தடுமாற மாட்டீர்கள். சென்னையில் 1926இல் மதராஸ் புவியியல் சங்கமாகத் தொடங்கி இன்று இந்தியப் புவியியல் சங்கமாக இருக்கிற அமைப்பும் உண்டு. ஆய்வு இதழ் நடத்துகிறார்கள். அது கல்லூரி ஆட்களுக்கானது என்று ஒதுங்காதீர்கள், அவர்களின் கூட்டம் பக்கத்தில் நடந்தால் போய் உட்காருங்கள், அங்கே சந்திக்கிற ஒரு கல்லூரிப் பேராசிரியரின் நட்பு பல பயிற்சிக்குச் சமம்.

ஆனால் அதிகம் பலன் தருவது குறுவள மையக் கூட்டம்தான் என்பேன். எப்படியும் போக வேண்டிய கூட்டம், சுற்றுவட்டாரத்துச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் நாலைந்து பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு டோப்போஷீட் பகுதியையும் அதற்குப் பத்துக் கேள்விகளையும் தயாரித்துக்கொண்டு வந்து மாற்றிக்கொள்ளலாம். அதில் புவியியல் படித்தவர் ஒருவர் இருந்தால் அவர் உங்களுக்கு நீர்ச்சுழற்சி சொல்லட்டும், நீங்கள் அவருக்கு முதல் உலகப் போர் சொல்லுங்கள். அவருக்கும் அங்கே தடுமாற்றம் இருக்கும், வெளியே சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

நேரம் எங்கே என்று கேட்டீர்கள். புதிதாக எதையும் நுழைக்க வேண்டாம், ஏற்கெனவே செலவழிக்கிற நேரத்தை மாற்றுங்கள். பத்தாம் வகுப்பில் வரைபடக் கேள்விக்கு எவ்வளவு பீரியடு போகிறது என்று பாருங்கள். கடையில் ஒரு கட்டு மேப் வாங்கிக் கொடுத்து, புள்ளி எங்கே வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பப் போட வைக்கிறோம், மறுவாரம் பாதி மறந்துவிடுகிறது. அதற்குப் பதில் மூன்று கோடு சொல்லிக் கொடுங்கள். 78 பாகை தீர்க்கக்கோடு: திண்டுக்கல் அதன் மேலேயே இருக்கிறது, கரூர், சேலம், தர்மபுரி சற்றே கிழக்கே, அப்படியே மேலே போனால் ஆக்ரா, டேராடூன். 80 பாகை: செங்கல்பட்டு, சென்னை அதற்குக் கொஞ்சம் கிழக்கே. 10 பாகை அட்சக்கோடு: கொச்சி, தேனி, காரைக்குடி, மதுரை அதற்குச் சற்றுக் கீழே. இந்த மூன்றையும் வெற்று மேப்பில் பென்சிலால் லேசாகப் போட்டுக்கொண்டால் எந்த ஊரையும் இதற்கு மேற்கா கிழக்கா, மேலேயா கீழேயா என்று யோசித்து வைக்கலாம். இந்திய மேப்புக்குக் கடக ரேகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ராஞ்சியும் போபாலும் அதை ஒட்டியே இருக்கின்றன. இதற்கு இரண்டு பீரியடு போதும். மிச்சமாகிற பீரியடுகளில் டோப்போஷீட்டை எடுங்கள். அரையாண்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள், ஜனவரிக்கு மேல் திருப்புதல் தேர்வு, சிறப்பு வகுப்பு என்று உங்கள் பீரியடு உங்கள் கையில் இருக்காது.